பறக்கும்போது வலப்பக்கம், இறங்கும்போது இடப்பக்கம்: முறுக்கிக்கொண்ட ஒரு பால்சா இறக்கை

கடலூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவரும் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவர் மகனும் ஜனவரியில் ஆரம்பித்து நான்கு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பால்சா என்ற லேசான மரத்தில் ஒரு டிரெய்னர், அதாவது பறக்கப் பழகுவதற்கான ரிமோட் மாதிரி விமானம், கட்டியிருக்கிறார்கள். நுனிக்கு நுனி 1.6 மீட்டர், அடிப்பாகம் தட்டையான இறக்கை. முன்பக்கத்தில் மேலே மட்டும் பால்சா தகடு ஒட்டிய அமைப்பு, கீழே திறந்தே இருக்கும். மே மாதம் ஃபிலிம் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் உறை) ஒட்டினார்கள். மேல்பக்கம் முழுவதையும் ஒட்டி, ஹீட் கன் வைத்து விண்ணென்று இழுக்கவைத்துவிட்டு, மறுநாள் கீழ்ப்பக்கம். அதற்குப் பிறகு வேலை, பள்ளிக்கூடம் என்று அலைச்சல். விமானம் பீரோ மேல் கிடந்தது. நடுவே ஒருநாள் காருக்குள் பகல் முழுக்க வெயிலில் இருந்திருக்கிறது. அக்டோபரில்தான் முதல் பறப்பு. எழும்பியதிலிருந்தே வலப்பக்கம் சாய்ந்தது. களத்தில் இருந்த ஒரு மூத்தவர் ரிமோட்டில் இடப்பக்கம் டிரிம் (விமானம் ஒரு பக்கம் இழுப்பதை ஈடுகட்ட நிலையாக வைக்கும் சின்னத் திருத்தம்) வைத்துக் கொடுத்தார், நேராகப் பறந்தது. நான்கு நிமிடம் கழித்து இறக்கும்போது, தரைக்கு ஓர் ஆள் உயரம் இருக்கையில், இடது இறக்கை திடீரென்று விழுந்து மூக்கு உடைந்தது.

வீட்டுக்கு வந்து மேசையில் வைத்துப் பார்த்தால், இடது இறக்கையின் உடலோடு சேரும் பகுதியை அழுத்திப் பிடிக்கும்போது நுனியின் முன்விளிம்பு 7 மி.மீ. தூக்கிக்கொண்டு நிற்கிறது. வலது சரியாக இருக்கிறது. கனமான புத்தகங்களை ஒரு வாரம் அடுக்கி வைத்தார், எடுத்த உடனே பழைய நிலை. டிரிம் போதும் என்கிறார் ஒருவர், கொதிநீர் ஊற்று என்கிறார் இன்னொருவர், வெட்டி ஒட்டு என்கிறார் மூன்றாமவர். இடப்பக்கம் விழுந்ததற்கு மோட்டாரின் எதிர்முறுக்கு (விசிறி ஒரு பக்கம் சுழல, விமானம் எதிர்ப்பக்கம் உருளப் பார்ப்பது) காரணம், இறக்கை முறுக்கிக்கொண்டதற்கு மட்டமான மரம் காரணம் என்பது அவர் எண்ணம், கடைக்காரரிடம் கேட்கலாமா என்கிறார். மகன் அதற்குள் மனம் விட்டுப்போய் “ஃபோம் விமானமே வாங்கிக்கலாம்ப்பா” என்று சொல்லிவிட்டானாம். இதைச் சரிசெய்ய முடியுமா, புது இறக்கை கட்ட வேண்டுமா, மறுபடி இப்படி ஆகாமல் இருக்க என்ன செய்வது என்பவை கேள்விகள்.

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் தம்பியிடம் சொல்லுங்கள், இந்த இறக்கை கெட்டுப்போகவில்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சரியாகக்கூடிய முறுக்குதான் இது. பால்சாவில் கட்டக் கற்றுக்கொடுப்பதும் அடிபட்டு வருவதைப் பழுதுபார்ப்பதும்தான் பல வருடமாக என் வேலை. அதில் என்னிடம் வரும் இறக்கைகளில் இதைவிட மோசமாக முறுக்கியவை நிறைய, அவற்றில் பெரும்பாலானவை மறுபடி பறந்திருக்கின்றன. ஆனால் உங்கள் கடிதத்தில் நான்கைந்து விஷயங்கள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துவிட்டால் செய்ய வேண்டியது என்னவென்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இரண்டு கோளாறு இல்லை, ஒன்றுதான்

பறக்கும்போது வலப்பக்கம் சாய்ந்தது, இறங்கும்போது இடப்பக்கம் விழுந்தது. எதிரெதிர்ப் பக்கம் என்பதால் இரண்டு வேறு வேறு கோளாறு என்று நினைத்துவிட்டீர்கள். அப்படி நினைப்பது இயல்புதான், ஆனால் இரண்டுக்கும் காரணம் அந்த 7 மி.மீ.

இடது நுனியின் முன்விளிம்பு தூக்கியிருக்கிறது என்றால் அந்த நுனி காற்றை அதிகக் கோணத்தில் சந்திக்கிறது. இதை நாங்கள் வாஷ்இன் என்போம். உங்கள் இறக்கையின் அகலம் 250 மி.மீ. என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த அகலத்துக்கு 7 மி.மீ. என்பது ஏறக்குறைய 1.6 டிகிரி. கேட்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். ஆனால் ரைட் சகோதரர்கள் 1903இல் பறக்கவிட்ட விமானத்தில் ஏலரானே (இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் மடல்) கிடையாது, இறக்கை நுனிகளைக் கம்பியால் இழுத்து முறுக்கித்தான் அவர்கள் அதைப் பக்கவாட்டில் கட்டுப்படுத்தினார்கள். அவர்கள் வேண்டுமென்று செய்தது உங்கள் விமானத்தில் தானாக நடந்து, நிரந்தரமாகத் தங்கிவிட்டது. இடது இறக்கைக்குத் தூக்குவிசை கூடுகிறது, விமானம் வலப்பக்கம் உருள்கிறது.

சரி, இறங்கும்போது? வேகம் குறையக் குறைய உயரத்தைத் தக்கவைக்க நீங்கள் எலிவேட்டரை (மூக்கைத் தூக்கவும் தாழ்த்தவும் வாலில் இருக்கும் மடலை) இழுக்கிறீர்கள், மொத்த இறக்கையின் கோணமும் ஏறுகிறது. ஏற்கெனவே 1.6 டிகிரி முன்னால் நிற்கும் இடது நுனிதான் எல்லையை முதலில் தொடும், முதலில் ஸ்டால் ஆகும், அதாவது காற்று இறக்கையை ஒட்டிப் பாயாமல் பிரிந்துவிடும். தூக்குவிசை அந்தப் பக்கம் சட்டென்று போய்விடுகிறது. மோட்டாரின் எதிர்முறுக்கு இடப்பக்கம் சாய்க்கும் என்பது பொதுவாக உண்மைதான், ஆனால் அது முழு திராட்டிலில், அதாவது மோட்டார் முழு வேகத்தில் ஓட, எழும்பும்போது தெரிய வேண்டிய விஷயம். நீங்கள் இறக்கும்போது திராட்டிலை ஏறக்குறைய மூடிவிட்டதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த நிலையில் எதிர்முறுக்கு என்று சொல்ல அங்கே ஒன்றுமே இல்லை.

டிரிம் வைத்துக் கொடுத்த மூத்தவர் மேல் வருத்தப்படாதீர்கள். பறந்துகொண்டிருக்கும் விமானத்தைக் காப்பாற்ற அந்த நேரத்தில் செய்ய வேண்டியதைத்தான் செய்தார். ஆனால் டிரிமோடு அப்படியே விட்டுவிடலாம் என்ற யோசனையை மட்டும் ஏற்க வேண்டாம். சாதாரண வேகத்தில் டிரிம் முறுக்கைச் சமன் செய்துவிடும், எல்லாம் சரியாகிவிட்டதுபோலத் தெரியும். ஸ்டாலை நெருங்கும்போது அந்தச் சமன் உடைகிறது. இடது ஏலரானை மேலே தூக்கி வைத்திருப்பதால் அந்தப் பக்கத்தின் உச்சத் தூக்குவிசையும் குறைந்துதான் இருக்கிறது. அதாவது டிரிம் கோளாறை மறைத்தது, மறைத்துவிட்டு மிக மோசமான இடத்தில், தரைக்குப் பக்கத்தில் காட்டிக்கொடுத்தது.

புத்தகம் அடுக்கி ஏன் பலிக்கவில்லை

கயிற்றுக் கட்டில் பின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மூலைவாட்டில் கயிறு கூடுதலாக இழுபட்டுவிட்டால் சட்டம் முறுக்கிக்கொண்டு ஒரு கால் தரையைவிட்டுத் தூக்கும். அந்தக் காலின் மேல் ஒரு மூட்டை அரிசியை வைத்தால் மூட்டை இருக்கும்வரை கால் தரையில் நிற்கும், எடுத்ததும் மறுபடி தூக்கும். சட்டத்தில் பழுதில்லை, கயிறுதான் இழுத்துக்கொண்டிருக்கிறது. கயிற்றைத் தளர்த்தி மறுபடி இழுத்துக் கட்டுகிறவரை வேறு எதுவும் பலிக்காது.

உங்கள் இறக்கையில் அந்தக் கயிறுதான் ஃபிலிம். மேல்பக்கத்தை முழுக்க விண்ணென்று இழுத்துவிட்டு மறுநாள் கீழ்ப்பக்கம் ஒட்டினீர்கள், அதுவும் இறக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு. மேல் ஃபிலிம் இழுத்த இழுப்பில் இறக்கை எந்த வடிவத்துக்குப் போயிருந்ததோ அந்த வடிவத்திலேயே கீழ் ஃபிலிமும் பூட்டிவிட்டது. அதற்குமேல் காருக்குள் ஒரு பகல். மூடிய காரின் வெப்பத்தில் ஃபிலிமின் பசை இளகும், ஃபிலிம் ஓரிடத்தில் தொய்யும், இன்னோரிடத்தில் இழுக்கும். இறக்கை சீட்டில் எப்படிச் சாய்ந்திருந்ததோ அந்தக் கோணல் அதில் ஏறிவிடும். பீரோ மேல் நுனி வெளியே நீட்டிக்கொண்டு மாதக்கணக்கில் கிடந்ததும் சேர்ந்துகொண்டது.

ஈரப்பதத்துக்கும் பங்கு உண்டு. மரம் காற்றிலிருந்து ஈரம் வாங்கும், விடும். நாரின் குறுக்கே வீங்கும், நாரின் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. பாதித் திறந்திருக்கும் ஓர் அமைப்பில் ஒரு தகடு மட்டும் வீங்கினால் அது மற்றதை இழுக்கத்தான் செய்யும். கடலோர ஊரில் ஐப்பசி மழையில் அது கூடுதலாகவே இருக்கும். ஆனால் மரம் மட்டம் என்று சொல்ல உங்கள் கடிதத்தில் ஆதாரம் எதுவும் இல்லை. ஏப்ரலில் ஃபிலிம் ஒட்டுவதற்கு முன்னால் மேசையில் வைத்துப் பார்த்தோம், தட்டையாக இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதனால் கடைக்காரரிடம் போய்க் கேட்பதில் நியாயம் இல்லை. பெட்டியைப் பிரித்த அன்றைக்கே தகடு வளைந்திருந்தால் அன்றே படம் எடுத்து மாற்றித்தரக் கேட்பது உங்கள் உரிமை. ஒன்பது மாதம் கழித்து, நாமே வெயிலில் வைத்த பொருளுக்கு அது பொருந்தாது.

மற்ற இரண்டு யோசனைகளும் தப்பான யோசனைகள் இல்லை, வேறு இறக்கைக்கான யோசனைகள். கொதிநீர் ஈ.பி.ஓ. நுரை விமானங்களுக்கு. அந்த நுரை சூட்டில் இளகி, பிடித்த வடிவத்தில் ஆறும். ஆவியில் காட்டி நிமிர்த்துவது டிஷ்யூ தாளும் அதை இறுக்கும் டோப் என்ற பூச்சும் போட்ட பழைய முறை இறக்கைகளுக்கு. உங்கள் இறக்கையில் கொதிநீர் ஊற்றினால் ஓட்டைகள் வழியாக உள்ளே போய் மரத்தை ஊறவைக்கும், ஃபிலிம் அதை வெளியே விடாது, நீங்கள் வெள்ளைப் பசையில் கட்டியிருந்தால் அதுவும் இளகும். வெட்டி ஒட்டுவது முன்பக்கம் மேலும் கீழும் தகடு மூடிய இறக்கைக்கு. அதை ஏன் வெட்ட வேண்டியிருக்கிறது என்று தெரிய ஒரு ஏ4 தாளைக் குழலாகச் சுருட்டி, ஓரத்தை ஒட்டாமல் இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், சுலபமாக வழுக்கிக்கொண்டு முறுக்கும். ஓரத்தை நீளமாக ஒட்டிவிட்டு முறுக்குங்கள், அசையாது. மூடிய குழலுக்கு அந்த உறுதி. மூடும்போது நேராக இருந்தால் கடைசிவரை நேராக இருக்கும், கோணலாக மூடிவிட்டால் கடைசிவரை கோணல்தான். உங்களுடையது ஒட்டாத குழல். அதனால்தான் முறுக்கிக்கொண்டது, அதனால்தான் நிமிர்த்தவும் முடியும்.

கை வைப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது

விமானம் விழுந்திருக்கிறது, ஆகவே முதலில் உடைசல் பார்க்க வேண்டும். முறுக்கு விழுவதற்கு முன்பே இருந்தது, எழும்பியதிலிருந்தே வலப்பக்கம் சாய்ந்ததிலிருந்து அது தெரிகிறது. இருந்தாலும் விழுந்த அதிர்ச்சியில் உள்ளே ஏதாவது ஒட்டு விட்டிருக்கலாம். அறையில் ஃபேனை நிறுத்திவிட்டு, இடது இறக்கையைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாக இரண்டு பக்கமும் முறுக்குங்கள். “டிக்” என்று ஒரு சின்னச் சத்தம் வந்தால் எங்கேயோ ரிப் (இறக்கையின் குறுக்கு எலும்பு) ஸ்பாரிலிருந்து (நுனிவரை நீளமாக ஓடும் முதுகெலும்புக் குச்சி) விட்டிருக்கிறது. ஒவ்வொரு ரிப்பாகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனால் இடம் அகப்படும். அங்கே ஃபிலிமை ஓர் அங்குலம் கீறி, மெல்லிய சயனோ பசை (நொடியில் ஒட்டும் பசை) ஒரு சொட்டு விட்டு, இறுகியதும் மேலே சின்ன ஒட்டு போட்டுவிடலாம். உள்ளே ஒட்டு விட்ட இறக்கையில் ஃபிலிமை எத்தனை முறை சூடு காட்டினாலும் நிற்காது.

அப்புறம் மேசை. உங்கள் மேசை தட்டையா? இதை யாரும் சந்தேகப்படுவதில்லை. நான்கு மூலைகளிலும் ஒரே உயரத்துக்கு நான்கு சின்னக் கட்டைகள் வைத்து, மூலைக்கு மூலை இரண்டு மீன்பிடி நரம்பை இழுத்துக் கட்டுங்கள். இரண்டும் நடுவில் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் போனால் பலகையில் முறுக்கு இல்லை. ஒன்று மற்றதை அழுத்தினாலோ இடைவெளி விட்டாலோ பலகைதான் முறுக்கு. மேல் நரம்பையும் கீழ் நரம்பையும் இடம் மாற்றிக் கட்டி இன்னொரு முறை பாருங்கள், ஒரு முறையில் தப்புகிற முறுக்கு இன்னொன்றில் தெரிந்துவிடும். நான் ஒரு கிளைடர் இறக்கையை இரண்டு முறை பிரித்துக் கட்டிய பிறகுதான் முறுக்கு பலகையில் இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். பலகை சரியில்லை என்றால் ஒரு ஃபிளஷ் டோரோ தடித்த கண்ணாடியோ பார்த்துக்கொள்ளுங்கள். கிரானைட் பதித்த சமையல் மேடைகூடப் பெரும்பாலும் போதும்.

சரிசெய்வது: இரண்டு பேர் வேலை

தம்பியைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், தனியாகச் செய்ய முடியாது. முதலில் டிரிமைப் பழையபடி நடுவுக்குக் கொண்டுவந்து ஏலரான்களை நேராக்கி டேப் ஒட்டி நிறுத்துங்கள்.

இரண்டு இறக்கையும் தட்டையாக வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அது போதும்தான், ஆனால் கையோடு கையாக இன்னும் கொஞ்சம் போகச் சொல்வேன். இரண்டு நுனியிலும் பின்விளிம்பு 3 மி.மீ. மேலே தூக்கியிருக்கட்டும், அதாவது ஏறக்குறைய 0.7 டிகிரி வாஷ்அவுட், வாஷ்இன்னுக்கு நேர்எதிர். நுனிகளின் கோணம் குறைவாக இருந்தால் ஸ்டால் உடலுக்குப் பக்கத்தில் தொடங்கும், நுனி கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்கும், பழகுகிற கைக்கு அது பெரிய பாதுகாப்பு. ஆனால் அளவு 3 ஆக இருக்கிறதா 2 ஆக இருக்கிறதா என்பதைவிட இடதும் வலதும் ஒன்றாக இருப்பதுதான் முக்கியம்.

ஒருவர் இறக்கையின் உடல் பக்கத்தைத் தொடைகளுக்கு நடுவில் துணி வைத்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் நுனியைப் பிடித்து முறுக்க வேண்டும். முன்விளிம்பு கீழே, பின்விளிம்பு மேலே. தேவையான அளவைத் தாண்டி, ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்படி முறுக்கும்போது ஃபிலிமைப் பாருங்கள். அதுவரை கண்ணாடி மாதிரி இருந்த ஃபிலிமில் ரிப்புக்கும் ரிப்புக்கும் நடுவே குறுக்காக, சாய்வாக, வரிவரியாகச் சுருக்கம் எழும்பும். மேலே ஒரு சாய்வில், கீழே எதிர்ச் சாய்வில். உங்கள் கயிறு இழுத்துக்கொண்டிருந்த மூலைவாட்டை அந்தச் சுருக்கங்கள் அப்படியே வரைந்து காட்டும்.

இப்போது மற்றவர் ஹீட் கன்னை ஒரு சாண் தூரத்தில் வைத்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் வீசிக்கொண்டே, உடல் பக்கத்திலிருந்து நுனியை நோக்கி ஒவ்வொரு கட்டமாகப் போக வேண்டும். சுருக்கம் ஒரு நொடி தயங்கும், பிறகு கண்முன்னாலேயே உருகி ஓடுவதுபோல் மறையும். மறைந்ததும் அடுத்த கட்டம். மேல்பக்கம் முடிந்ததும் பிடியை விடாமல் இறக்கையைத் திருப்பிக் கீழ்ப்பக்கம். கடைசியில் ஃபிலிமில் சூடு முழுக்க அடங்கும்வரை, மெதுவாக நூறு எண்ணுகிறவரை, முறுக்கின கை அப்படியே இருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் எல்லாரும் அவசரப்பட்டு விட்டுவிடுகிறார்கள். சூடாக இருக்கும்போது விட்டால் பாதி திரும்பிவிடும்.

சூட்டு அளவைப் பற்றி. ஆரக்கவர் வகை ஃபிலிமில் பசை பிடிக்க 100 டிகிரி செல்சியஸை ஒட்டியும், ஃபிலிம் சுருங்க 150ஐ ஒட்டியும் வேண்டியிருக்கும். விலை குறைந்தவை இதைவிடக் குறைவிலேயே சுருங்கிவிடும். சுருளோடு வந்த தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்களுக்குக் கணக்கு. ஃபிலிமின் ஓரங்களும் இணைப்புகளும் அதே சூட்டில் பசை விட்டு நழுவும், ஆகவே முன்விளிம்பு, பின்விளிம்பு இணைப்புகளின் மேல் ஈரத் துணியைப் பிழிந்து போட்டுக்கொண்டு செய்யுங்கள். சர்வோ (ஏலரானை அசைக்கும் சின்ன மோட்டார்) வயர் போகும் ஓட்டைப் பக்கம் ஹீட் கன் வேண்டாம். தம்பி கையில் ஹீட் கன்னைக் கொடுப்பதைவிட முறுக்கிப் பிடிக்கும் வேலையைக் கொடுங்கள். அதற்குத்தான் நிதானமான கை தேவைப்படுகிறது, தீக்காய ஆபத்தும் குறைவு.

ஆறியதும் மேசையில் வைத்து அளந்து பாருங்கள். முதல் தடவை 7 மி.மீ. 2 ஆகியிருக்கும், அல்லது தாண்டிப் போய் எதிர்ப்பக்கம் 6 ஆகியிருக்கும், ஒரே தடவையில் சரியாக வந்து நிற்பது அபூர்வம். இரண்டு மூன்று தடவை ஆகும், பரவாயில்லை. அளவு கிட்டத்தட்ட வந்தபிறகு கடைசித் தடவையை மேசைமேல் செய்யலாம். நுனியில் பின்விளிம்புக்குக் கீழே 3 மி.மீ. துண்டு ஒன்று, உடல் பக்கம் போகப்போகக் குறைகிற மாதிரி இன்னும் இரண்டு, முன்விளிம்பின் மேல் மணல் பை, அந்த நிலையில் மேல் ஃபிலிமை மட்டும் லேசாகச் சூடு காட்டி ஆறவிடுங்கள். வலது இறக்கைக்கும் இதே. அளவை எடுத்ததும் இறக்கையின் நடு இணைப்பில், உடலுக்குள் மறைகிற இடத்தில், தேதியோடு பென்சிலில் எழுதி வையுங்கள்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தால்

இரண்டு இரவு கழித்து மறுபடி அளந்து பாருங்கள். 1 மி.மீ.க்குள் நின்றால் வேலை முடிந்தது. 3, 4 என்று திரும்பி வந்திருந்தால் ஃபிலிம் மட்டும் காரணம் இல்லை, மரமும் அந்த வடிவத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்போது இடது இறக்கையின் கீழ்ப்பக்க ஃபிலிமை உரித்துவிடுங்கள். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் அதில் ஒரு லாபமும் இருக்கிறது, கட்டும்போது விட்டதைச் சேர்க்க வழி கிடைக்கிறது.

உரித்தபின் மரத்தில் தெளிப்பானால் வெறும் தண்ணீரைப் பனிபோலத் தெளித்து, மேலே சொன்ன துண்டுகளோடு மேசையில் கட்டிவைத்து, ஃபேன் காற்றில் இரண்டு நாள் காயவிடுங்கள். வெள்ளைப் பசையில் கட்டியிருந்தால் தெளிப்பை மிக லேசாக வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்ததும், மேசையிலிருந்து எடுப்பதற்கு முன்பாகவே, எட்டுகிற இடத்திலெல்லாம் மேல் ஸ்பாருக்கும் கீழ் ஸ்பாருக்கும் நடுவே 1.5 மி.மீ. பால்சாத் தடுப்புகளை ஒட்டுங்கள், நார் நெட்டுக்குத்தலாக நிற்கும்படி. பிறகு இறக்கையைக் கவிழ்த்து, அதே கோணத்தில் தாங்கல் கொடுத்து, முன்பக்கம் கீழேயும் தகடு போட்டு மூடிவிடுங்கள். ஒட்டாத குழல் ஒட்டிய குழலாகிறது. கூடும் எடை ஒரு பக்கத்துக்கு 20 கிராம் இருக்கலாம், இரண்டு பக்கமும் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கம் கனத்துவிடும். மூடுகிற அந்த அரை மணி நேரம்தான் இறக்கையின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. பசை தடவிய பிறகு அளந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது, எல்லாத் துண்டும் எடையும் முதலிலேயே இடத்தில் இருக்கட்டும்.

புது இறக்கை கட்டுவது கடைசி வழி. ஸ்பாரே உடைந்திருந்தால் மட்டும்தான் அதைச் சொல்வேன்.

அடுத்த இறக்கைக்கு

எல்லாவற்றையும் பட்டியல் போட வேண்டாம் என்று நினைக்கிறேன், உங்கள் விஷயத்தில் எது தவறிப்போனதோ அதைச் சொல்கிறேன்.

மரத்தை வாங்கியதும் வெட்டாதீர்கள், கட்டப்போகும் அறையிலேயே ஒரு வாரம் நிற்கட்டும். மேல் ஸ்பாரும் கீழ் ஸ்பாரும் ஒரே விறைப்பில் இருக்க வேண்டும். ஒரு முனையை மேசை ஓரத்தில் பிடித்து மறுமுனையில் ஒரே எடையைத் தொங்கவிட்டால் எது எவ்வளவு வளைகிறது என்று தெரிந்துவிடும். விறைப்பானதையெல்லாம் ஒரு பக்கமும் சுலபமாக வளைவதையெல்லாம் மறுபக்கமும் போட்டுவிடாமல் ஜோடி சேர்த்துக்கொள்ளுங்கள். ரிப்புகளுக்கு மீன் செதில் மாதிரிப் புள்ளி தெரிகிற பால்சா நல்லது, அது குறுக்கே வளையாது. ஆனால் முன்பக்கத் தகட்டுக்கு அதைப் போடாதீர்கள், வளைக்கும்போது உடையும்.

பசை காயும்வரை பலகையிலிருந்து எடுக்காதீர்கள். ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசைகளில் தண்ணீர் இருக்கிறது. தகட்டின் ஒரு பக்கம் மட்டும் அது படும்போது அந்தப் பக்கம் வீங்கி, தகடு சுருளப் பார்க்கும். பட்டத்துக்குக் காகிதம் ஒட்டியவர்களுக்கு இது தெரியும், பசை காய்வதற்குள் எடுத்தால் ஈர்க்குச்சி ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். கோடையில் ஓர் இரவு போதும், மழைக்காலத்தில் முழுதாக ஒரு நாள் விடுங்கள். சயனோவில் வேறு ஆபத்து: அந்த நொடியில் எப்படி இருக்கிறதோ அப்படியே பூட்டிவிடும், திருத்த நேரமே கிடையாது.

ஃபிலிம் ஒட்டும்போது முதலில் கீழ்ப்பக்கம், பிறகு மேல்பக்கம், இரண்டையும் சுற்றிலும் ஓரம் மட்டும் இஸ்திரிப்பெட்டியால் பிடிக்கவைத்துக்கொள்ளுங்கள். அதன்பிறகுதான் இழுக்கவைப்பது, அதுவும் மேலே இரண்டு கட்டம், கீழே இரண்டு கட்டம் என்று மாற்றி மாற்றி. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போகவே கூடாது. உங்கள் 7 மி.மீ.யின் பிறப்பிடம் அதுதான்.

வைக்கும் இடம் பற்றி இரண்டே வார்த்தை. பீரோ மேல் வேண்டாம், கூரைச் சூடு அங்கேதான் தங்கும். சுவரில் இரண்டு தாங்கிகள் அடித்து, மேலே நுரை சுற்றி, இறக்கையை முன்விளிம்பு கீழே இருக்கும்படி இரண்டு இடத்தில் தாங்கலோடு நிறுத்துங்கள், நுனி எதிலும் சாயக் கூடாது. மூடிய பாலிதீன் பையில் போட்டு வைக்காதீர்கள், உள்ளே ஈரம் வேர்க்கும். காரில் கொண்டுபோனால் களத்துக்குப் போனதும் முதல் வேலையாக இறக்கையை எடுத்து நிழலில் வைத்துவிடுங்கள்.

மகன் கேட்ட ஃபோம் விமானம் பற்றி: தாராளமாக வாங்கிக் கொடுங்கள், அடிபட்டாலும் அரை மணியில் ஒட்டி மறுபடி பறக்கலாம், பழகுவதற்கு நல்லது. ஆனால் இதற்குப் பதிலாக என்று வேண்டாம். நுரை இறக்கையும் காரில் வைத்தால் முறுக்கிக்கொள்ளும், அதிலிருந்து தப்பிவிட முடியாது. அதோடு, தான் கட்டிய இறக்கையைத் தன் கையால் நேராக்கி மறுபடி பறக்கவிட்ட பையன் அடுத்த இறக்கையை எப்படிக் கட்டுவான் என்று நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மூக்கைச் சரிசெய்து முடித்ததும் முதல் பறப்பை விடியற்காலை, காற்று இல்லாத நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆள் நடமாட்டமில்லாத இடம், அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தில் பச்சை மண்டலம்தானா (முன் அனுமதி தேவைப்படாத பகுதிதானா) என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். டிரிம் நடுவிலேயே இருக்கட்டும். 60 மீட்டர் உயரம் ஏறியதும் திராட்டிலைக் குறைத்து, எலிவேட்டரை மெதுமெதுவாக இழுத்துக்கொண்டே போய், எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். மூக்கு மட்டும் நேராகத் தாழ்ந்தால் இறக்கலாம். ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தால், அன்றைக்குச் சற்றுக் கூடுதல் வேகத்தோடு இறக்கிவிட்டு மறுபடி மேசைக்கு வாருங்கள். மூன்றாம் நாள் அளவு, இடது எவ்வளவு, வலது எவ்வளவு, அதையும் இந்தச் சோதனையில் எந்தப் பக்கம் விழுந்தது என்பதையும் எழுதி அனுப்பினால் அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.